என்95-ம் ஆச்சியின் பொங்கலும்

போன தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது பரணிலிருந்து ஒரு ஷூ டப்பா விழுந்தது. உள்ளே மூணு பழைய கைபேசி, எதற்கென்றே தெரியாத நாலைந்து சார்ஜர், ஒரு மெமரி கார்டு அடாப்டர். "தூக்கிப் போட மனசு வராதே உங்களுக்கு" என்று தங்கமணி வழக்கமான பாட்டை ஆரம்பிக்க, பத்தாவது படிக்கும் மகள் அதிலிருந்து ஒன்றை எடுத்து மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தாள். "அப்பா, இது என்ன ரெண்டு பக்கமும் ஸ்லைடு ஆகுது?"

நோக்கியா என்95. பேட்டரி உப்பிப் போய் பின்மூடி பிளந்திருந்தது. அதனால் சார்ஜ் போட்டுப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டேன். "இதுலதான் அப்பா அந்தக் காலத்துல ஊர்ல இருந்து பொங்கலை லைவா பார்த்தேன். உன் பூட்டி ஆச்சி அதுல பேசினாங்க" என்றேன்.

"அப்படியா, காட்டுங்க!"

காட்டுவதற்கு ஒன்றுமில்லை மக்களே. ஏன் ஒன்றுமில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கொசுவத்திச் சுருள். கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

காபி பானையில் தொடங்கியது

தூரத்தில் நடப்பதை நம் இடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்ற ஆசை பழசு. இணையத்தில் அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு காபி பானை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், நடந்து போய்ப் பானை காலியாக இருப்பதைப் பார்த்து ஏமாந்த ஆட்கள், 1991-ல் அதன் முன்னால் ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-ல் அது வலைக்கும் வந்தது. உலகமே அந்தப் பானையைப் பார்த்தது. 2001-ல் அணைத்தார்கள்.

கைபேசிப் பக்கம், 1999-ல் ஜப்பானில் கியோசெரா நிறுவனம் முகம் பார்த்துப் பேசும் கைபேசி ஒன்றை விற்றது. நொடிக்கு இரண்டு படம்தான் போகும். 2001 அக்டோபரில் அதே ஜப்பானில் என்டிடி டோகோமோ 3ஜி சேவையைத் தொடங்கியது.

நம்ம ஊரில் அப்போது என்ன நிலைமை என்று நினைத்துப் பாருங்கள். இன்கமிங் இலவசம் ஆனதே 2003-ல்தான். அதற்கு முன் ஊரிலிருந்து கூப்பிட்டால், நம் செலவும் சேர்த்து ஏறுகிறதே என்று மணியைப் பார்த்துக்கொண்டே பேசியவர்கள் நாம். பூனாவுக்கு நான் வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்றதெல்லாம் மகளிடம் சொன்னால் கட்டபொம்மன் காலத்துக் கதை மாதிரி கேட்கிறாள்.

2007: தொப்பியில் கேமரா

நேரலையின் கதையில் 2007 முக்கியமான வருடம். அந்த மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தொப்பியில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு, முதுகுப்பையில் கணினியைச் சுமந்துகொண்டு, தன் வாழ்க்கையை நாள் முழுக்க ஒளிபரப்ப ஆரம்பித்தார். ஜஸ்டின்.டிவி. சில மாதங்களில், யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒளிபரப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்த நம்மாட்கள் பலர் அதைக் கண்டுபிடித்தது கிரிக்கெட்டுக்காகவும் தமிழ்ச் சேனல்களுக்காகவும். அனுமதி இல்லாத ஒளிபரப்புகள்தான், மறுப்பதற்கில்லை.

அதே வருடம் யூஸ்ட்ரீம் வந்தது. ஈராக்கில் இருந்த ராணுவ வீரர்கள் ஒரே நேரத்தில் தங்கள் குடும்பத்தார் எல்லோரோடும் பேச ஒரு வழி வேண்டும் என்பதுதான் அதன் ஆரம்ப யோசனை. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. பிரிவுதான் இந்த மாதிரிக் கருவிகளுக்குத் தாய். ஸ்வீடனில் பாம்யூசர் பிறந்ததும் 2007-ல்தான். கைபேசியிலிருந்தே நேரடியாக ஒளிபரப்பும் க்விக் 2008 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ராமு சுங்கரா, பாஸ்கர் ராய் என்று இரண்டு இந்தியப் பெயர்கள்.

இதையெல்லாம் ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி வேண்டுமே, அதுதான் என்95. 2006 செப்டம்பரில் அறிவித்து 2007 மார்ச்சில் கடைக்கு வந்தது. கார்ல் சைஸ் லென்ஸ், 5 மெகாபிக்சல், வைஃபை, ஜிபிஎஸ், நொடிக்கு 30 படம் வீதம் 640-க்கு 480 அளவில் வீடியோ. சிம்பியன் இயங்குதளம் என்பதால் வெளி மென்பொருள்களை ஏற்றலாம். குறை பேட்டரிதான், 950 எம்ஏஎச். மத்தியானத்துக்குள் படுத்துவிடும். 8 ஜிபி மாடலில் 1200 ஆக்கினார்கள்.

நான் வாங்கியது 2009-ல், செகண்ட் ஹேண்டில். ஆபீசில் ஆணி பிடுங்கிய நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் அதில் ஒவ்வொரு சேவையாக ஏற்றிப் பார்ப்பதுதான் வேலை. மாடியில் நின்று சாலையை ஒளிபரப்புவேன். பக்கத்து அறையில் தங்கமணி கணினியில் பார்த்து, "கட்டம் கட்டமா ஆட்டோ போகுது" என்று விமர்சனம் சொல்வாள். உலகத்திலேயே அந்த ஒளிபரப்புக்கு ஒரே ரசிகை.

கட்டம் கட்டமாக ஏன் தெரிந்தது?

சின்னக் கணக்கு போடுவோம். 640-க்கு 480 என்றால் ஒரு படத்துக்கு 3,07,200 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 24 பிட். நொடிக்கு 30 படம். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 22 கோடி பிட். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கி, நொடிக்கு 15 படம் போதும் என்று இறங்கி வந்தாலும் 2 கோடியே 76 லட்சம். அப்போது நம் ஊரில் இருந்த எட்ஜ் இணைப்பின் வேகம் ஏட்டளவில் நொடிக்கு 2.36 லட்சம் பிட். கையில் அதில் பாதி கிடைத்தால் முன்னோர் செய்த புண்ணியம்.

அதாவது நூறு மூட்டை நெல்லை ஒரு மூட்டைக்குள் திணிக்க வேண்டும். எப்படி முடிந்தது? ஒவ்வொரு படத்தையும் முழுசாக அனுப்புவதில்லை. முந்தைய படத்துக்கும் இதற்கும் எது மாறியதோ, அதை மட்டும் அனுப்புவது. அதனால்தான் கையை அசைக்காமல் பிடித்தால் ஓரளவு தெளிவாகவும், ஆட்டினால் கட்டம் கட்டமாகவும் வந்தது. ஆட்டினால் எல்லாமே மாறிவிடுகிறதே!

3ஜி இருந்தால் நிலைமை மேல். ஆனால் அரசு நிறுவனமான எம்டிஎன்எல் 2008 டிசம்பரில் டெல்லியிலும், பிஎஸ்என்எல் 2009 பிப்ரவரியில் சென்னையிலும் தொடங்கியதோடு அது மெதுவாகத்தான் பரவியது. தனியார் நிறுவனங்களுக்கான 3ஜி ஏலம் 2010 ஏப்ரலில் தொடங்கி மே மாதம்தான் முடிந்தது. சுமார் 67,719 கோடி ரூபாய்க்குப் போனது. அவ்வளவு காசு கொடுத்து எடுத்தவர்கள் நமக்குச் சல்லிசாகவா தருவார்கள்?

பொங்கல், 2010

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என்95-ஐ சித்தி பையனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஊர். அவன் பிளஸ் டூ. நான் ஒரு மணி நேரம் விளக்கிச் சொன்னதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டு, எனக்கே தெரியாத ரெண்டு விஷயத்தைக் காட்டினான்.

பொங்கலுக்கு இங்கே பூனாவில் எங்களுக்கு லீவு இல்லை. மராத்தியருக்குச் சங்கராந்தி, எள்ளுருண்டை கொடுத்து இனிமையாகப் பேசச் சொல்வார்கள், அதோடு சரி. 2010-ல் பொங்கல் வியாழக்கிழமை வந்தது. ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம்.

எங்கள் வீட்டில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் உண்டு. இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில் சேராத திட்டம். நம்ம பக்கம் பொங்கல் விடுவது விடியற்காலையில்தானே, வசதியாகப் போச்சு. ஆச்சிக்கு நல்ல நேரம், எங்களுக்கு இலவச நேரம்! இன்னொரு சிக்கல், இந்த இணைப்பில் இறக்கும் வேகம்தான் அதிகம், ஏற்றும் வேகம் கொஞ்சம்தான். வீட்டில் யாரும் கணினியைத் தொடக்கூடாது என்று சித்தி பையன் உத்தரவு போட்டிருந்தான். மோடத்தை நீளமான வயர் இழுத்து வாசல் நிலைப்படியில் வைத்தான், முற்றத்துக்கு வைஃபை எட்ட வேண்டுமே. அப்போது ஊரில் முறை வைத்துக் கரண்ட் போகும். நல்லவேளை அந்த நேரத்தில் போகவில்லை.

தாமதத்தையும் சொல்ல வேண்டும். கைபேசியிலிருந்து சர்வருக்குப் போய், அங்கே மாற்றப்பட்டு, நம் கணினியில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் படம் ஓடும். அதற்கு அரை நிமிடம். நான் பக்கத்தில் வீட்டு லேண்ட்லைனுக்கும் போன் போட்டு வைத்திருந்தேன். ரிசீவரில் பெண்கள் குலவை போடும் சத்தம் கேட்டது. திரையில் பானை அமைதியாக இருந்தது. பனையோலை எரிகிறது, கோலம் தெரிகிறது, மஞ்சள் குலை தெரிகிறது, பொங்கவில்லை. நானும் தங்கமணியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அரை நிமிடம் கழித்துப் பால் பொங்கி வழிந்தது. அப்போது நாங்கள் இருவரும் இங்கே குலவை போட, கீழ் வீட்டு மராத்திக்காரர் என்ன ஆச்சோ என்று வந்து கதவைத் தட்டினார் :-)

இது ஒருவழிப் பாதை. நாங்கள் பார்க்கலாம், அவர்கள் எங்களைப் பார்க்க முடியாது. நாங்கள் தட்டச்சு செய்வது கைபேசித் திரையில் வரும், அவ்வளவுதான். சித்தி பையன் ஆச்சியிடம் கைபேசியை நீட்டி, "ஆச்சி, அண்ணன் இதுல பாக்கான், பேசு" என்றான். ஆச்சி அதை வாங்கி முன்னே பார்த்தாள், திருப்பிப் பின்னே பார்த்தாள். எங்கள் திரையில் ஒரு கணம் வானம், ஒரு கணம் ஆச்சியின் பாம்படக் காது.

"எங்கல இருக்கான் அவன் இதுக்குள்ள?"

"அவன் தெரியமாட்டான் ஆச்சி. அவனுக்குத்தான் நீ தெரிவே."

ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேமராவை நேராகப் பார்த்து, "எய்யா, சாப்பிட்டியா? கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன், எப்ப வருவே?" என்றாள். அவ்வளவுதான். மொத்தம் பதினொரு நிமிடம்.

அந்தப் பதினொரு நிமிடமும் ஒரு இலவச சேவையின் சர்வரில் சேமிக்கப்பட்டது. கைபேசியில் பிரதி கிடையாது. எதற்குப் பிரதி, அதுதான் இணையத்தில் பத்திரமாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

இலவசத்துக்கு யார் காசு கொடுத்தது?

நம் பதினொரு நிமிடத்தை வைத்திருக்க அவர்களுக்கு வட்டில் இடம் வேண்டும். பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும், அதற்குப் பணம். தொலைக்காட்சி மாதிரி ஒரு கோபுரத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே செலவில் அனுப்புகிற சமாசாரம் இல்லை இது. பார்க்கிற ஆள் கூடக் கூடச் செலவும் கூடும். விளம்பர வருமானமோ சொற்பம். ஆக, அந்த இலவசத்தின் செலவை ஏற்றவர்கள் முதலீட்டாளர்கள். அவர்கள் ஒருநாள் கணக்குக் கேட்பார்கள்.

கேட்டார்கள். யாஹூ லைவ் 2008 பிப்ரவரியில் தொடங்கி அதே டிசம்பரில் மூடப்பட்டது. க்விக்கை 2011 ஜனவரியில் ஸ்கைப் வாங்கியது. ஸ்கைப்பை அதே வருடம் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. பழைய க்விக் நிறுத்தப்பட்டது. அந்தப் பெயரில் 2014 அக்டோபரில் வேறொரு செயலி வந்து 2016 மார்ச்சில் போனது. கடைசியில் 2025 மே மாதம் ஸ்கைப்பே போய்விட்டது. ஜஸ்டின்.டிவியில் விளையாட்டுப் பிரிவு ட்விட்ச் என்று தனியாக வளர, தாய் நிறுவனம் 2014-ல் முதலில் சேமித்த வீடியோக்களை நீக்கியது, ஆகஸ்டில் கடையையே மூடியது. அதே மாதம் ட்விட்சை அமேசான் 97 கோடி டாலருக்கு வாங்கியது. யூஸ்ட்ரீமை 2016-ல் ஐபிஎம் வாங்கி நிறுவனங்களுக்கான சேவையாக்கியது. பாம்யூசர் இப்போது கடைகளுக்கான நேரலை விற்பனைத் தொழில்நுட்பம் தருகிறது.

கைபேசியின் கதையும் அப்படித்தான். 2011 பிப்ரவரியில் நோக்கியா சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டோடு கைகோத்தது. 2014 ஏப்ரலில் கைபேசிப் பிரிவு அவர்களிடம் போனது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் வரி வழக்கில் மாட்டியிருந்ததால் அந்த விற்பனையில் சேரவில்லை. 2006-ல் திறந்த ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிப்படிப்பு முடித்துச் சுற்று மாவட்டங்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகள். என் வீடியோ போனதைச் சொல்லிப் புலம்பும்போது அந்தப் பெண்களை நினைத்தால் வாய் அடைத்துப்போகிறது.

இவை வீண் முயற்சிகள் என்று சொல்லவில்லை. 2011-ல் எகிப்தில் மக்கள் தெருவில் இறங்கியபோது கைபேசி நேரலைகள் வெளியுலகத்துக்குச் சாட்சி சொன்னன. அங்கே பாம்யூசரை முடக்கினார்கள். 2012 பிப்ரவரியில், ஹோம்ஸ் நகரக் காட்சிகள் நேரலையில் போனதும் சிரியாவும் முடக்கியது. அரசாங்கங்கள் பயப்படும் அளவுக்கு ஒரு சின்ன லென்ஸுக்குப் பலம் வந்த காலம் அது.

என் வீடியோ என்ன ஆனது?

ஆச்சி 2012-ல் போய்விட்டாள். அதற்கு முந்தைய வருடம் பிறந்த மகளை மடியில் வைத்துக் கொஞ்சினாள், அது அவளுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை.

அந்தச் சேவையின் பெயர் வேண்டாம். மூடும் முன் அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள், இறக்கிக்கொள்ள அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நான் பதிவு செய்தது பழைய ஆபீஸ் மின்னஞ்சலில். கம்பெனி மாறியதும் அது என் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு பொங்கலுக்குத் திடீரென்று ஆச்சி ஞாபகம் வந்து சுட்டியைத் தட்டினால் பக்கமே இல்லை. தப்பு யாருடையது என்று யோசித்தால் பாதிக்கு மேல் என்னுடையதுதான். ஆச்சியின் கல்யாணப் போட்டோ எண்பது வருடம் தகரப்பெட்டியில் இருந்தது. பேரன் எடுக்கச் சொன்ன வீடியோ ஐந்து வருடம் தாங்கவில்லை.

இப்போது நம் கையில்

அதற்குப் பின் எல்லாம் சுலபமானது. 2015 மார்ச்சில் பெரிஸ்கோப் வந்தது. 2016-ல் ஃபேஸ்புக் நேரலை எல்லோருக்கும் கிடைத்தது. அந்த செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா தண்ணீராக ஓடியது, நவம்பரில் வாட்ஸப்பில் வீடியோ அழைப்பு. ஆச்சிக்கு வேண்டியிருந்தது இதுதான், இரண்டு பக்கமும் தெரிவது. நாலு வருடம் பிந்தி வந்தது. பெரிஸ்கோப் 2021 மார்ச்சோடு மூடப்பட்டது, வழக்கம்போல.

2020 ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று விதி. அந்த ஜூனில் சித்தி பையனுக்குக் கல்யாணம். அன்று ஆச்சியைப் படம் பிடித்தவன் தாலி கட்டுவதை நாங்கள் பூனாவில் பட்டுப்புடவை, வேட்டி கட்டிக்கொண்டு ஃபேஸ்புக்கில் பார்த்து அட்சதை போட்டோம். டிவி மேல்தான் :-) எத்தனையோ வீடுகளில் கல்யாணமும், சொல்லவே சங்கடமாக இருக்கிறது, கடைசி ஊர்வலமும் அப்படித்தான் நடந்தன.

2025 பிப்ரவரியில் ஃபேஸ்புக் ஒரு மாற்றத்தை அறிவித்தது. நேரலை வீடியோக்கள் இனி 30 நாள்தான் இருக்கும், பழையவையும் உரியவருக்கு அறிவித்து, இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்து நீக்கப்படும் என்று. படித்த கையோடு சித்தி பையனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, உன் கல்யாண லைவ் யார் கணக்குல போட்டது?"

"மச்சினன் கணக்குல அண்ணே. அதுக்கு என்ன, அங்கதான் இருக்கே."

அங்கதான் இருக்கே. அதே வார்த்தைதான் நானும் சொன்னது. அன்று ராத்திரியே இறக்க வைத்து, இரண்டு ஹார்டு டிஸ்கில் ஒன்று அங்கே, ஒன்று இங்கே.

ஆகவே, ஊரை விட்டுத் தூரத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் வீட்டு நேரலைகள் யார் கணக்கில் இருக்கின்றன என்று கேளுங்கள். பல கல்யாணங்கள் போட்டோகிராஃபரின் யூட்யூப் கணக்கில்தான் இருக்கும், அவர் சேனலை மூடினால் போச்சு. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆபீஸ் மின்னஞ்சலில் எதையும் பதிவு செய்யாதீர்கள். இறக்கியதை இரண்டு இடத்தில் வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள். பொங்கல் அன்றைக்கு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

என்95-ஐத் தங்கமணி இந்த முறையும் தூக்கிப் போடவில்லை. பேட்டரியை மட்டும் கழற்றி மின்கழிவில் சேர்த்துவிட்டு, கைபேசியை ஷோகேஸில் வைத்திருக்கிறாள். மகள் என்னை எதிரில் உட்காரவைத்து, ஆச்சி பேசியதை அப்படியே சொல்லச் சொல்லி அவள் போனில் பதிவு செய்துகொண்டாள். ஆச்சியின் குரல் அதில் இல்லை. ஆனால் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் மூணு பேருக்கும் தெரியும்.